எலும்புக்கு நினைவில்லை

மாவுச் சாக்கு முழுக்கக் கரிக்கோடுகள்.
கோபியில் மூன்று நாளாகப் பனி.
துலம்சுரேன் ஆட்டின் கணுக்காலெலும்பை
உருட்டுகிறாள், குறிக்கிறாள்:
செம்மறி, வெள்ளாடு, வெள்ளாடு, ஒட்டகம்.
முகம் நான்குதான், ஆனாலும்
நாலில் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.
அகன்ற பக்கம் படுக்கவே பார்க்கும்.

பதினாலு வீச்சாகக் குதிரை விழவில்லை.
"இனி விழுந்தே ஆகணும்"
கொழுந்தன் கொம்போ
ஒரு குட்டியைப் பந்தயம் வைத்தான்.

"எலும்பு யாருக்கும் கடன்படவில்லை" என்றாள்.

வெள்ளாடு.

அவன் எழுந்து கதவைத் தள்ளினான்.
பாதிதான் திறந்தது.
"இத்தனை நாள் பெய்தாச்சே,
நாளைக்காவது விட்டுடும், இல்லையா?"

சாக்கைத் திருப்பினாள்.
அந்தப் பக்கம் வெறுமை.
"பனி வேற மாதிரி, கொம்போ.
நேற்றின் தோள்மேல் ஏறித்தான் இன்று நிற்கும்."

மூன்று கோடு கிழித்தாள்,
ஒன்றையொன்று தொடும்படி.