பன்னிரண்டுக்குப் பதினொன்று

வாடகைக்கா என்று முதலில் கேட்டவர்
மேஸ்திரி இருசப்பன்,
சுண்ணாம்புக் கோடு போடும்போதே.
பிறகு ஜல்லி இறக்கிய லாரிக்காரர்,
பிறகு எதிர்வீட்டு மாடி,
பிறகு என் மகள், போனில், கொஞ்சம் வேறு குரலில்.
எனக்கு என்றேன்.
இருசப்பன் மட்டும் மேற்கொண்டு கேட்காமல்
நூலை இழுத்துக் கட்டினார்.

மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை.
கொல்லையில் துணி காயப்போடும் கம்பி,
பட்டுப்போன முருங்கை,
ஓடாத ஒரு ஸ்கூட்டர்.
எல்லாவற்றையும் ஒதுக்கியதில்
பன்னிரண்டுக்குப் பதினொன்று கிடைத்தது.
மதிலிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும் என்று
அளந்து சொன்னவரே தயாளன்தான்,
முப்பத்தோரு வருடமாக என் கணவர்.
டேப்பின் ஒரு முனை அவரிடம்,
மறுமுனை என்னிடம்.
நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
இல்லை.
அதற்கப்புறமும் செப்டிக் டாங்க் குழாய்க்காக
பிளம்பரோடு ஒரே கட்சியில் நின்று சண்டை போட்டோம்.

அவர் அடிக்கிறவர் இல்லை. குடிக்கிறவரும் இல்லை.
இதைச் சொன்னதும்
அப்புறம் என்ன என்கிறார்கள் எல்லோரும்.
அந்த அப்புறத்துக்குத்தான்
பி.எஃப். பணத்தில்
செங்கல் வாங்கினேன்.

மின்வாரிய அலுவலகத்தில்
ஒரே கதவு எண்ணுக்கு எதற்கு ரெண்டு மீட்டர் என்றார்கள்.
தனிச் சமையல் உண்டா?
உண்டு.
பார்க்க வந்த பையன்
அடுப்பைப் பார்த்தான், குக்கரைப் பார்த்தான்,
ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
குடும்பத்துல எத்தனை பேர்னு போடட்டும்?
ஒண்ணு.
ஒண்ணு எப்படிக் குடும்பம் என்று அவன் கேட்கவில்லை.
எழுதினான்.
கையெழுத்து அழகாக இருந்தது.

ஜன்னலை வீட்டுப் பக்கம் வச்சா காத்து வரும்மா என்றார் இருசப்பன்.
மதில் பக்கமே இருக்கட்டும் என்றேன்.
சரி, பேஸ்மட்டத்தையாவது மூணரை அடி தூக்கறேன் என்றார்,
அதில் என்னைக் கேட்கவில்லை.
புதுசாக ரோடு போடும்போதெல்லாம்
எங்கள் தெரு அரையடி வளர்கிறது.
மூன்று படி ஏறிப்போன வீட்டுக்குள்
இப்போது ஒரு படி இறங்கிப்போக வேண்டும்.
என் அறைக்கு ஐந்து படி.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் மூன்று நாள்.
இரண்டாம் ராத்திரி கரண்ட் போனது,
மூன்றாம் ராத்திரி
கதவைத் தட்டும் சத்தம்.
யாரு என்றேன்.
இந்தக் காம்பவுண்டுக்குள் வேறு யார் இருக்கிறார்கள்.
ஆனாலும் கேட்டேன்.
கேட்கத்தானே கதவு.
மழைக்குள்ளிருந்து
"தயாளன்" என்றது குரல்.
தன் பெயரை
அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

தொடைவரை மடித்த வேட்டி,
தலையில் பிளாஸ்டிக் பை:
பத்திரங்கள், மாத்திரை டப்பா, டார்ச் லைட்.
கக்கத்தில் என் பழைய குடை,
விரிக்காமல்.
மறந்து விட்டுட்டு வந்துட்டியே என்றார்,
சொட்டச் சொட்ட நின்றபடி.

நாற்காலியில் அவர். கட்டிலில் நான்.
டீயை முதலில் அவர் குடித்தார்.
டம்ளரைக் கழுவி
பிறகு நான்.

"இந்த ஜன்னல்லேர்ந்து என்ன தெரியும்?"
"அடுத்த வீட்டுச் சுவர்."
"வேற?"
"அவ்வளவுதான்."
கொஞ்ச நேரம் அவரும் அதைப் பார்த்தார்.
மின்னல் வந்தபோது பாசி பச்சையாய்த் தெரிந்து
திரும்ப இருட்டாயிற்று.
"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
டார்ச்சை வாங்கி
வாசலில் அடித்துப் பார்த்தேன்.
இரண்டு படி முழுகியிருந்தது.
மூன்று படி இன்னும் மிச்சம்.