நான்கு டிகிரி

பிப்ரவரி பதினொன்று. முதலில் கினாக்கோ.
காலையில் ஆப்பிள் துண்டை வாங்கி
முகர்ந்து பார்த்துவிட்டுக்
கீழே வைத்தாளாம்.
மாலைக்குள் முடிந்துவிட்டது.

ஹொக்கைதோவின் வடகோடி. உப்புக்காற்றில் பனி.
குவாபரா கொண்டுவந்தார்,
தன் கழுத்துத்துணியில் சுற்றி.
அணில் குரங்கு. எழுநூற்றுப் பத்து கிராம்.
தராசு சொன்னது அது.
துணியைப் பிரித்தபோது அவ்வளவுகூட இல்லை.

கல்லீரலெங்கும் வெண்புள்ளிகள்,
நொய்யரிசி சிந்தியதுபோல.
குடலை ஒட்டிய கணுக்கள்
துவரம்பருப்பளவு இருக்கவேண்டியவை
கொண்டைக்கடலையளவு.
எர்சீனியா என்று கைக்குத் தெரிந்துவிட்டது.
கைக்குத் தெரிந்ததை
அறிக்கையில் எழுத முடியாது.

மற்றக் கிருமிகள் உடம்புச்சூடு கேட்கும்.
இதற்குக் குளிர்பெட்டி போதும்.
நான்கு டிகிரியில், இருட்டில்,
கூட வந்தவை சோர்ந்து கிடக்க
இது மட்டும் அவசரமில்லாமல் பெருகும்.
மூன்று வாரம் காத்திருக்கவேண்டும்.
(என் மதிய உணவுக்கு வேறு பெட்டி.
எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.)

அதற்குள் அசுகி.
அதற்குள் அசுகியின் குட்டி, பெயர் வைக்குமுன்.
மிச்சம் எட்டு.
வாழைப்பழத்துக்குள் மருந்து வைத்து
எட்டு வாய்க்கும் ஊட்டினார் குவாபரா.
பழத்தைத் தின்று மருந்தைத் துப்பினவன்
கிழவன் கோன்சுகே மட்டும்.

இரண்டாம் முறை கழிவுக் குப்பிகளோடு வந்தபோது
தானாகவே சொன்னார், சிரித்துக்கொண்டு:
இந்த வருடப் பனியில்
சிட்டுகள் வெறும் இறகாய் வருகின்றன.
வலையின் மூலையில் ஒரு கம்பியை வளைத்துவிட்டேன்.
உள்ளே வந்து வெந்நீர்க் குழாய்மேல் உட்காரும்,
சிந்தியதைக் கொத்தும்.
எங்கள் ஆட்கள் வரிசையாக அமர்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.
கோன்சுகே கையை நீட்டுவான்.
பிடிக்கமாட்டான்.

நானும் சிரித்தேன்.
சிரித்து முடித்தபின்தான்
குப்பியின் மூடி
என் விரலுக்குள் இறுகியிருந்தது தெரிந்தது.

மார்ச் நான்கு.
தட்டில் கடுகளவுப் புள்ளிகள்,
நடுவில் அடர்சிவப்பு, ஓரம் கண்ணாடி.
சிட்டாக இருக்கலாம். எலியாகவும் இருக்கலாம்.
தீவனக் கிடங்கில் எலி உண்டு,
கீரைக்கட்டு திறந்தேதான் கிடக்கும்.
எச்சம் எடுத்துச் சோதிக்க
ஒரு பறவையும் அன்று வரவில்லை.

'மூலம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
காட்டுப் பறவை அல்லது கொறிவிலங்கு.
வலையைச் சரிபார்க்கவும்.
வளைத்த கம்பியை எழுதவில்லை.
அது சரியா என்று இன்றுவரை தெரியாது.

அறிக்கையை நேரில் கொடுக்கப் போனேன்.
வலை ஏற்கெனவே புதிது,
வெள்ளியாய் மின்னியது.
வெந்நீர்க் குழாயெதிரே எட்டுப் பேரும்
அந்த நேரத்துக்கு வந்து அமர்ந்திருந்தார்கள்.
கோன்சுகே எழுந்துபோய்
மூலைக் கம்பிகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தான்.

குவாபரா தாளை வாங்கினார்,
வாசிக்காமல் நான்காய் மடித்தார்.

வெளியே வரும்போது பார்த்தேன்.
கூண்டுக்கு வெகுதூரத்தில், வேலிக்கப்பால்,
பனியை வழித்துச் சதுரமாக்கிய தரை.
அதில் ஒரு கைப்பிடித் தினை.