பின்புறச் சீட்டு

பூசான் துறைமுகம், ஏழாம் எண் சுங்கக் கிடங்கு.
ஆயிரத்து நூற்று நாற்பது புட்டிகள்
இரண்டு வாரமாய்க் காத்துக் கிடக்கின்றன
விட்டுப்போன ஒரு வரிக்காக:
‘கந்தக டை ஆக்சைடு சேர்க்கப்பட்டுள்ளது.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
இதை மறைக்க முடியாது.
ஆகவே உரிக்கிறோம்.
மால்சூன் முடி உலர்த்தியைக் காட்டுகிறாள்,
பசை இளகும் நொடி என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
பிப்ரவரிக் குளிர்.
கையுறை போட்டால் விளிம்பு பிடிபடாது.

தாக் கியோல் வருகிறார்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு,
சட்டைப்பையில் எஃகு அளவுகோலோடு.
எழுத்தின் உயரம் சரி.
விழுக்காடு சரி.
கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை சரி.
‘இது என்ன?’

ஐந்து பெட்டிகளில் மட்டும்
ஜார்ஜிய எழுத்தில், பென்சிலில்,
முன்சீட்டின் ஓரமாய் ஏதோ கிறுக்கல்.
அறுபது புட்டியிலும் அதே கை.
மொழிபெயர்க்காத சொல் எல்லை தாண்டக் கூடாது.

இறக்குமதிக்காரி பியோன் தொலைபேசியில் கேட்டாள்.
காகேத்தியில் அப்போது விடியவில்லை.
நுக்சார் என்பவர் தூக்கக் குரலில் சொன்னாராம்:
‘ஆறாம் சாடி. கொஞ்சம் புளிக்கும். மன்னிக்கவும்,
அதுதான் எழுதியிருக்கிறேன்.
மூட வேண்டிய வாரத்தில்
எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார்.
நான்கு நாள் தள்ளிப்போனது.’

தாக் கியோல் படிவத்தைப் புரட்டினார்.
பெயர், நாடு, கொள்ளளவு, சேர்மானம்.
மன்னிப்புக்குக் கட்டம் இல்லை.
எதிர்வீட்டுக்காரருக்கும் இல்லை.
‘எழுதச் சொல்லவும் விதியில்லை,
அழிக்கச் சொல்லவும் விதியில்லை,’
என்று அளவுகோலிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு
தேநீர் குடிக்கப் போனார்.

பென்சில் எழுத்துக்குத் துணை வேண்டாமா?
அந்த அறுபதுக்கும் மட்டும் எங்கள் சீட்டைப்
பின்புறத்திலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தேன்,
கிறுக்கலுக்கு ஒரு விரல் கீழே.
‘கோணல்,’ என்றாள் மால்சூன்.
கோணல்தான்.

ஆய்வகத்துக்கு இரண்டு புட்டிகள் போயின.
நான்காம் நாள் தாள் வந்தது:
அமிலம், வரம்புக்குள்.

கடைசிப் பெட்டியை ஏற்றும்போது ஒன்று நழுவி
சிமெண்டுத் தரையில் உடைந்தது.
கழிவுப் பதிவேட்டில் ‘ஒன்று’ என்று எழுதி
ஒப்பம் வாங்கிய பிறகுதான் கூட்டிப் பெருக்க வேண்டும்.
ஒப்பம் வரும்வரை
குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
தேன்நிறம். தூசியைச் சுற்றி ஓடியது.
கண்ணாடிச் சில்லில் தேங்கியதை
மால்சூன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

‘புளிக்கிறதா?’

விரலை இன்னொரு முறை சப்பினாள்.
‘தெரியவில்லை. பசை வாசம்தான் வருகிறது.’