காலு எல்லி?

சனிக்கிழமை ஐந்தே காலுக்கு
சாவிக்கொத்து சிணுங்கக்கூட வேண்டாம்.
காலுறையை நான் கையில் எடுத்தாலே
தெரிந்துவிடும் இரண்டுக்கும்.
தவில் (பார்த்தால் பேர் புரியும்)
முன்கதவில் போய் முட்டும்.
மோர் என் இடது ஷூவைக் கவ்வி
கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும்.
அதை மீட்கும் ஏழு நிமிடத்தையும் சேர்த்துத்தான்
அலாரம் வைக்கிறேன்.

அல்சூரில் அந்நேரம் பால்வண்டி மட்டும்.
பின்சீட்டில் விரித்த போர்வை
ஒருகாலத்தில் நீலம்.
பிரிட்டோ ஓட்டுகிறான்.
நேற்று ராத்திரி பாதியில் விட்ட பேச்சு
எங்கள் இருவருக்கும் நடுவே
கியரோடு கியராக உட்கார்ந்து வருகிறது.
ஹெப்பால் மேம்பாலத்தில் ஜன்னலை இறக்கினேன்.
நான்கு காதுகளும் காற்றுப் பக்கம் திரும்பின.

ஹெசரகட்டா.
தண்ணீர் வராத வருடமும்
புல் வந்துவிடுகிற ஏரி.
எங்களுக்கு முழங்கால் உயரம்,
இவர்களுக்குக் காடு.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு மறைந்து
காது மட்டும் ஓடும்,
அப்புறம் காதும் இல்லாமல்
புல் மட்டும் பிளந்துகொண்டு போகும்.

குட்டைக்கால் நாய்க்கு எதற்கு இவ்வளவு நடை,
சோபாவுக்குச் செய்ததுதானே
என்று மாடிவீட்டு ஷைலஜா கேட்டாள்.
இவர்களின் வயிற்றை அவளிடம் காட்ட வேண்டும்.
போன பாதை முழுக்க அதில் இருக்கும்:
செம்மண், பனி, நாயுருவி, சாணம்,
ஒருமுறை
ஒரு முழு நத்தை.

ஏரிக்கரையில் எருமைகள், பதினொன்று.
பின்னால் சாக்குக் கொங்காணி போட்ட ஒருவர்.
மோரைக் குனிந்து பார்த்து
"நரினா?" என்றார்.
நரிக்கு இரண்டு மொழியிலும் நரிதான்.
இல்லை, நாயி என்றேன்.
நம்பவில்லை. இன்னும் குனிந்து,
"காலு எல்லி?"

கேட்டு வாய் மூடவில்லை,
தவில் போய்விட்டது.
எங்கோ குளிர்தேசத்தில்
மாடுகளின் கணுக்காலைக் கடித்து மந்தை ஓட்டிய வம்சம்
என்று படித்ததோடு சரி.
அல்சூரில் அது இதுவரை ஓட்டியது
ஒரு தள்ளுவண்டி, நிறைய துடைப்பம்.
இப்போது அரைவட்டம் போட்டு,
வயிறு புல்லில் உரச,
குரைக்காமல்,
யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சரியாகச் செய்தது.
மூன்று எருமைகள் நிஜமாகவே நகர்ந்தன.

நான்காவது திரும்பிப் பார்த்தது.

தவில் உட்கார்ந்துவிட்டது,
அங்கே உட்காரத்தான் வந்ததுபோல.
அவர் சிரித்த சிரிப்பில் பீடி விழுந்தது.
பிரிட்டோவும் சிரித்தான்.
நானும் சிரிப்பதைப் பார்த்ததும்
நிறுத்திக்கொண்டான்.

திரும்பும்போது அவன் முன்னால், நான் பின்னால்.
முதலில் பத்தடி. அப்புறம்
ஒரு கிரிக்கெட் பிட்ச்.
மோருக்கு இது பொறுக்காது.
அவனிடம் ஓடி வழி மறித்து,
என்னிடம் ஓடிவந்து
குதிகாலில் பல் பட்டும் படாமல் நெட்டி,
மறுபடி அவனிடம்.
இருவர் பிரிந்து நடந்தால்
அதற்கு எண்ணிக்கை இடிக்கிறது.
ஆறு தடவை. ஏழு.
நாக்கு பக்கவாட்டில் தொங்கிவிட்டது.
வெயில் ஏறுகிறதே என்றுதான் அவன் நின்றான்,
எனக்காக இல்லை, சொல்லிவிடுகிறேன்.
பாட்டிலைத் திறந்து
உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினான்.
நான் வந்து சேர்ந்தேன்.
எருமையிடம் தோற்ற தவிலும்
ஒன்றும் நடக்காததுபோல் வந்து சேர்ந்தது.

மோர் உடனே குடிக்கவில்லை.
எங்கள் நான்கு கால்களையும் ஒரு சுற்று சுற்றி
ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு
பிறகுதான் குடித்தது.

"உன் சாக்ஸ் முழுக்க நாயுருவி" என்றான்.
அன்றைக்கு அவன் பேசிய முதல் வாக்கியம்.
குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன்.
அவனுடையதிலும் இருந்தது.
காரில் சொல்லிக்கொள்ளலாம்.