மட்டம்

சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரில்
எப்போதோ எவரோ உளியால் கொத்திய அம்புக்குறி.
அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.
கடலுக்கு மேல் மூன்று மீட்டர் சொச்சம் என்கிறது கோப்பு.
முக்காலியின் கால்களைச் சேற்றில் அழுத்தி
குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவருகிறேன்.
குமிழி நின்றால் உலகம் மட்டம்.
கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் மறுபடி கோணல்.

எதிரே தேசப்பன் கோலைப் பிடித்திருக்கிறார்.
பதினொரு வருடமாக அவர் பிடிக்கிறார், நான் படிக்கிறேன்.
இந்தக் கோலில் எண் ஏறினால் நிலம் இறங்குகிறது.
புதிதாய் வரும் பையன்களுக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆகும்.
எனக்கே சில நாள் தலை சுற்றும்.

டிசம்பர் போய் ஐந்து வாரம்.
கண்ணியம்மன் நகர்ச் சுவர்களில் கருப்பாக ஒரே கோடு.
மஞ்சள் வீடு, பச்சை வீடு, சர்ச், ரேஷன் கடை,
எல்லாவற்றிலும் ஒரே கை இழுத்ததுபோல்.
தண்ணீரும் மட்டம் பார்த்திருக்கிறது,
முக்காலி இல்லாமல், எங்களைவிடச் சுத்தமாக.

'இன்னாம்மா, திரும்பவும் அளக்க வந்துட்டீங்களா?
போன தபா டேப்போட ஒருத்தரு வந்தாரு.
அதுக்கு முன்னாடி ட்ரோன் வந்துச்சு.'
சலோமி பாலத்தில் மெத்தையைப் புரட்டிப் போடுகிறாள்.
'புழல்ல தொறக்கறோம்னு மெசேஜ் வந்தப்போ
போனு தண்ணில கீது.'

பூண்டியில் இத்தனை கன அடி திறந்தால்
இங்கே எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று
எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு.
எண்ணூரில் கடல் ஏறியிருந்தால் அது எங்கே போகும் என்பதற்கு
அதில் பத்தி இல்லை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் யார்டு.
அங்கே எண் குறைந்துகொண்டே போகிறது:
0.720, 0.640, 0.615.
சாம்பலும் இடிபாடும் கொட்டி ஆள் உயரம் தூக்கிய தரை.
பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் புல்குறிகள்.
மழை மிஞ்சினால் கொசஸ்தலை ஆறு கால் நீட்டிக்கொள்ள
விட்டுவைத்த இடம்.
அங்கே இறங்கிய ஒவ்வொரு லோடும்
இங்கே யாரோ ஒருவர் கட்டிலுக்கு அடியில்
தண்ணீராக வந்து நிற்கிறது.

நாற்பத்தொன்றாவது புள்ளி.
ஒரு வாசற்படிக்கு முன்னால் கோலை நிறுத்துகிறார் தேசப்பன்.
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.
2.915.
காலையிலிருந்து படித்ததில் பெரிய எண்.
'எவ்ளோ மேடம்?'
சொன்னேன்.

இதை இப்படியே எழுதினால்
அலுவலகத் திரையில் அவர் வீடு அடர் நீலம்.
அடர் நீலத்துக்கு இரண்டு கோப்புகள் உண்டு.
ஒன்றில் பம்பு, அகலப்படுத்திய கால்வாய்.
இன்னொன்றில் ஒரு டோக்கன்,
பெரும்பாக்கத்துக்கு ஒரு லாரி.
எது முதலில் கையெழுத்தாகும் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பென்சில்தான். ரப்பரும் பையில் இருக்கிறது.
முப்பது சென்டிமீட்டர் குறைத்தால் வெளிர் நீலம்;
வீடு தப்பும்,
அடுத்த மழைக்குத் தப்பாது.

'உள்ளத எழுதுங்க' என்றார்.
கொஞ்சம் கழித்து,
'ஆனா யார்டையும் எழுதுங்க. அதே பக்கத்துல.'

'குறிப்பு' என்ற கட்டத்தில் இத்தனை வருடமாக
வெயில், நாய், லாரி மறித்தது
என்பதைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.
இன்று எழுதினேன்:
இடது கரை மேடு இயற்கை அல்ல. கொட்டிய மண்.
எடுக்கலாம்.
கட்டம் போதாமல் எழுத்து
அடுத்த புள்ளியின் இடத்தில் போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் சுற்றிவந்து அதே அம்புக்குறியில் முடித்தோம்.
பிழை நான்கு மில்லிமீட்டர். அனுமதித்த அளவுக்குள்.
கோலின் சேற்றைக் கழுவ தேசப்பன் கால்வாயில் இறங்கினார்.
கடல் ஏறும் நேரம்.
ஒரு தெர்மாகோல் துண்டும் ஒற்றைச் செருப்பும்
அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு
மேற்கே,
புழலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.