பக்க முளை

டிராகன் பழக் கொடியின் மூன்று முனைத் தண்டு,
ஒரு சாண் உயரம் போதும்.
பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து
ஒரே இழுப்பில் தலையை எடுக்க வேண்டும்.
தயங்கினால் மேடுபள்ளம்.
வெட்டுவாயின் நடுவே
வெளிறிய சின்ன வளையம் ஒன்று தெரியும்,
சட்டைப் பொத்தான் அளவு.
தண்ணீர் ஏறும் வழி அதுதான்.

மேலே வைப்பது சிவப்பு உருண்டை.
பச்சையமே இல்லாத பிறவி,
தன் சோற்றைத் தான் பொங்கத் தெரியாது.
விதை முளைக்கும், சில நாளில் பட்டினியில் போகும்.
யார் தோளிலாவது ஏற்றிவிட்டால் பிழைக்கும்.
இதன் வளையம் அதன் வளையத்தை
ஓரத்திலாவது தொட வேண்டும்.
பிறகு ரப்பர் பேண்டு, தொட்டியின் அடியோடு சேர்த்து
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.
எட்டு நாள் நிழல். தண்ணீர் கூடாது.

லேடிஸ்மித்தில் மின்சாரம் எட்டுக்குப் போய்
பத்தரைக்கு வந்த வருஷங்களில்
கைப்பேசியைப் பல்லில் கடித்து
அந்த வெளிச்சத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கோயில் கமிட்டி சிங்காரம்
"வேர் ஒன்று, தலை ஒன்று, நம்ம கதைதானே இது?"
என்று தன் ஆண்டுவிழாப் பேச்சுக்குக் கேட்டார்.
அறுபது ராண்ட் என்றேன். பை தனி.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு கட்டுவேன்:
பக்கத்தில் பச்சை முளை வந்தால் கிள்ளிவிடவும்.
கிள்ளாவிட்டால் அடிச்செடி
தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

கிளினிக் நர்ஸ் ஹ்லெங்கிவே
மார்ச்சில் வாங்கினாள், ஜூனில் வந்து நின்றாள்.
"ஆன்ட்டி, உங்கள் சிவப்பு செத்துவிட்டது."
சீட்டைப் படித்தாயா?
"இரவுப் பணி. எதை எப்போது படிக்க?"
பணத்தை நான் திருப்பித் தரவில்லை,
அவளும் கேட்கவில்லை.
அதன்பின் சனிக்கிழமைச் சந்தையில்
என் மேசையைச் சுற்றிக்கொண்டு போவாள்.

மூன்று வருஷம்.
போன டிசம்பர், இரவு பதினொன்றரை,
தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம்.
வெள்ளை. சாப்பாட்டுத் தட்டு அகலம்.
மூலையில் யாருடைய பூட்ஸோ.
கீழே ஒரு வரி:
எனக்கு நீங்கள் விற்றது எது?

நைட்டிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன்.
ஜெனரேட்டர் அறையின் பின்சுவர்.
செத்ததென்று தொட்டியோடு அவள் வீசிய இடம்.
இந்த ஊர் ஜூலைப் பனியில்
டிராகன் தண்டு வெந்த கத்தரிக்காயாகிவிடும்.
ஆனால் அத்தனை மின்வெட்டிலும்
பிரசவ அறைக்காக ஓடிய எந்திரம்
அந்தச் சுவரை மாட்டு வயிறு போல
வெதுவெதுப்பாய் வைத்திருந்தது.
அதைப் பற்றி ஏறி, தகரக் கூரையைத் தாண்டி
ஏழு பூ.

குனிந்து அடியைத் தேடினேன்.
நான் வெட்டிய மொட்டைத் தலை
தழும்பாய்க் காய்ந்து அங்கேயே இருந்தது.
எல்லாக் கிளையும் அதன் விலாவிலிருந்து.

காவலாளி டார்ச்சை
ஒவ்வொரு பூவாய்க் கொண்டுபோனார்.
ஓர் அந்துப்பூச்சி
பூவுக்கா விளக்குக்கா என்று அலைந்தது.
ஏதாவது சொல்ல வேண்டும்.
"ஒரு முழம் வெட்டிக்கொள்ளட்டுமா?
அடிச்செடி தீர்ந்துவிட்டது" என்றேன்.
"எதற்கு?"
தலை வைக்க.

ஹ்லெங்கிவே சிரித்த சிரிப்பில்
உள்ளே ஒரு குழந்தை விழித்து அழுதது.
வெட்டிக்கொள்ளுங்கள், விடிந்ததும் என்றாள்.
விடிவதற்குள் பூ தொங்கிவிட்டது,
நனைந்த கைக்குட்டைபோல.

ஒரு முழம் கேட்டவள் ஆறு முழம் வெட்டினேன்.
வாயை ஒரு வாரம் உலரவிட்டு நட்டேன்,
வேர் பிடித்தது.
சந்தைக்கு நாற்பது தலை கேட்டிருக்கிறார்கள்.
எல்லாவற்றையும் ஒட்டினேன், ஒன்றுகூட வழுக்கவில்லை.

நேற்று ராத்திரி சீட்டு எழுத உட்கார்ந்தேன்.
பதினொன்று எழுதினேன்.
பேனாவில் மை இருக்கிறது.