வாலிநோக்கம் விலக்குக்கு முன்னால்

பதினொன்று இருபதுக்கு
மச்சான் வண்டி நின்றுபோயிருந்தது.
பானெட் வாயைப் பிளந்தபடி கிடக்க
ஒற்றை உடைமரத்தின் அரைநிழலில்
நாற்பத்துமூன்று பேர்.

இபுராம்சா அண்ணன் பிரேக்கை மிதிக்கும் முன்பே
மனசுக்குள் பெருக்கிவிட்டேன்:
நாற்பத்துமூன்று, சராசரி பதினெட்டு ரூபாய்.
வெட்கமாகத்தான் இருந்தது.
நூற்றுக்கு ஏழு என் படி,
அதையும் பெருக்கினேன்.

காக்கியில் இறங்கி வந்தார் நம்புராஜன் மச்சான்.
அக்காள் புருஷன், பதினெட்டு வருட சர்வீஸ்.
அவருக்கு வண்டி நின்றாலும் சம்பளம்,
எனக்கு டயர் சுற்றினால்தான் சோறு.
இதைக் காதுகுத்துப் பந்தியில்கூடச் சொல்லிக்காட்டியிருக்கிறேன்.
அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்:
"ரிட்டயரானவன் காசுக்கு நடக்குற நடையில
ஒன் வண்டி நாலு ட்ரிப் அடிச்சிரும்டா."

எனக்கும் ஒரு நேர்முக அட்டை வந்தது.
வயது வரம்பு தாண்டிய பிறகும்
எல்.ஐ.சி. கவருக்குள் வைத்திருக்கிறேன்.
இபுராம்சா அண்ணனுக்கு அந்த அட்டையும் கிடையாது.
முப்பத்தொரு வருடம் முன்னால் "ஏறு" என்றார்கள், ஏறினார்.
"இறங்கு" என்பதற்கும் தாள் தேவைப்படாது.

ஏறியவர்களில் முக்கால்வாசி பெண்கள்,
கையில் கீழக்கரையில் வாங்கிய கட்டணமில்லாச் சீட்டு.
"பாதி வழிதான வந்திருக்கு, மீதி ஒன் வண்டியில"
என்று ஒருத்தி முகத்துக்கு நேரே நீட்டினாள்.
அரசாங்கம் தந்தது
எங்கள் பஸ்ஸில் வெறும் காகிதம் என்று
சீட்டு சீட்டாகப் போய் நான்தான் சொன்னேன்.
முதலாளி ராமநாதபுரத்தில் ஏசிக்குள் இருந்தார்.

சிலர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள்.
இரண்டு பேர் இறங்கி
நின்ற வண்டியின் நிழலிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

மோட்சமேரி இறங்கவில்லை.
மூக்கையூர்க்காரி. கூடையின் அடியில் விற்காத நெத்திலி.
காசு இல்லை என்றும் சொல்லவில்லை.
ஒரு பிடி அள்ளி
என் தோல்பைக்குள், நோட்டுகளின் மேலேயே, போட்டாள்.
"ஒனக்குப் பாதி, ஒன் மொதலாளிக்குப் பாதி."

மெஷினில் கருவாட்டுக்குப் பட்டன் இல்லை.
சாயல்குடிக்கு முன்னால் செக்கர் ஏறுவான்,
தலையை எண்ணுவான், சீட்டை எண்ணுவான்.
இடையில் விடுபடும் தலை
சனிக்கிழமை என் கூலியில் வந்து உட்காரும்.
இருபத்திரண்டு ரூபாய் அடித்தேன்.
யார் கொடுத்தது என்று மெஷின் கேட்பதில்லை.

"டிப்போ வண்டி வர மூணு மணியாகும்" என்றார் மச்சான்.
என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.
வண்டி நகர மறந்து நிற்க
அவரே தன் விசிலை எடுத்து
எங்களுக்காக இரண்டு ஊதினார்.
பழக்கம்.

ராத்திரி ஷெட்டில்
முதலாளி பையைக் கவிழ்த்தார்.
"என்னடா இது, நாறுது?"
"வசூல் முதலாளி."
முறைத்தார்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
ஒவ்வொரு நோட்டாக எண்ணினார்,
ஒரு நோட்டுக்கு ஒரு தரம்.
உப்பு கரித்திருக்கும்.
எண்ணுவதை நிறுத்தவில்லை.